கம்போடியாவுக்கு மனித உரிமைக் கல்விப் பயணம்: பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை மனித உரிமைக் கல்விக்காகக் கம்போடியாவுக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் ஆசிரியர்களுக்கு இதை எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெற்றோரும் படிக்கலாம். சென்னையிலிருந்து கிளம்புவதாக வைத்துத்தான் விவரங்களைச் சொல்கிறேன். வேறு ஊராக இருந்தால் விசாவும் விமானமும் மாறும், மற்றவை மாறாது.

புதிதாகத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் முதலில் டிக்கெட் போடுகிறார்கள், அப்புறம் ‘சேவை’ செய்ய ஓர் இடம் தேடுகிறார்கள், கடைசி வாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். இந்த வரிசைதான் பல பயணங்களைக் கெடுக்கிறது. கீழே உள்ள வரிசை ஏறத்தாழ ஆறு மாத வேலை.

1. எதற்காகப் போகிறோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

2011-இல் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைக் கல்வி, பயிற்சி குறித்து ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. அது இந்தக் கல்வியை மூன்றாகப் பிரிக்கிறது: உரிமைகளைப் பற்றிக் கற்பது, கற்பவர், கற்பிப்பவர் இருவர் உரிமையையும் மதிக்கும் முறையில் கற்பது, உரிமைகளுக்காகச் செயல்படக் கற்பது. உங்கள் திட்டத்தில் இந்த மூன்றும் எங்கெங்கே வருகின்றன என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பெரும்பாலான திட்டங்களில் முதலாவது இருக்கும், மூன்றாவது ‘சேவை’ என்ற பெயரில் இருக்கும், இரண்டாவதைக் காணோம். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிஸ்ட் இயக்கம் மக்களைக் கொன்று புதைத்த செயுங் ஏக் புதைகுழித் திடலில் நேரில் பார்த்திருக்கிறேன். வேறொரு குழு. எலும்புகள் வைத்த தூபியின் படியில் வரிசையாக உட்கார்ந்து, பேனரை விரித்துப் பிடித்து, கட்டை விரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை.

குழு சிறியதாக இருக்கட்டும். பன்னிரண்டிலிருந்து பதினாறு மாணவர்கள், மூன்று பெரியவர்கள். மூன்றாவது ஆள் எதற்கு என்றால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒருவர் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தாலும் குழுவோடு இருவர் இருக்க வேண்டும்.

2. காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். ஏப்ரல், மே விடுமுறையில் போகலாம் என்பதுதான் பள்ளிகளுக்கு முதலில் தோன்றும். ஆனால் கம்போடியாவில் கடும் வெயில் ஏப்ரலில்தான், மேயில் மழை தொடங்கிவிடும். தவிர, நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில் அவர்களுக்கும் புத்தாண்டு. எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் தலைநகரான புனோம் பென் நகரத்தில் வழிகாட்டிகூடக் கிடைக்கமாட்டார்.

நவம்பரில் நீர்த்திருவிழாவும், செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இறந்த முன்னோருக்குப் படைக்கும் பிச்சும் பென் நாட்களும் வரும். அப்போதும் அலுவலகங்கள் மூடியிருக்கும். நமக்கு ஒத்துவருவது அரையாண்டு விடுமுறை அல்லது ஜனவரி இறுதி. பொங்கல் முடிந்து கிளம்பினால் அரையாண்டு விடுமுறையைவிடக் கூட்டமும் விலையும் குறைவு.

3. பாஸ்போர்ட், விசா, ஒப்புதல் கடிதம்

பாஸ்போர்ட்டை முதல் கூட்டத்திலேயே வாங்கிப் பாருங்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு இந்தியா தரும் சாதாரண பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது பதினெட்டு நிறையும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். கம்போடியா ஆறு மாத மிச்சம் கேட்கிறது. பதினேழரை வயதைத் தாண்டிய மாணவியின் பாஸ்போர்ட் பார்வைக்குச் சரியாக இருக்கும், விமான நிலையத்தில்தான் நிறுத்துவார்கள். பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குள் பத்தாண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அதையே எடுக்கச் சொல்லுங்கள்.

விசா இணையத்தில் கிடைக்கும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இரட்டிப்புப் பணம் பிடிக்கும் என்பதால் எல்லா விண்ணப்பங்களையும் பள்ளியே ஒரே இடத்தில் உட்கார்ந்து போடுவது நல்லது. இதோடு, விமானத்தில் வருபவர்கள் இறங்குவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் இ-அரைவல் படிவமும் நிரப்ப வேண்டும். அது விசா இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக மாறிப் போவதே வழக்கம். முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால், நடுவில் பெட்டியை எடுக்கக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் அதற்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும்.

தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற ஒப்புதல் கடிதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவை. உடன் வரும் ஆசிரியர்களின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அதில் இருக்கட்டும். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில் இதற்கு நாளாகும். அந்தப் பிள்ளையைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள்.

4. பெற்றோர் கூட்டம்

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: “கம்போடியாவா? அங்கதானே நம்ம பசங்களை வேலைன்னு கூட்டிட்டுப் போய் அடைச்சு வெச்சாங்க?” நியாயமான கேள்வி. கணினி வேலை என்று ஏமாற்றி அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்துத் தமிழ்நாட்டு இளைஞர்கள் உட்படப் பல இந்தியர்களை வதைத்தது உண்மை. பயணக் குழு அந்த வலையில் விழாது என்பதை விளக்குங்கள். கூடவே, இது பாடத்தின் ஒரு பகுதி என்றும் சொல்லுங்கள். உலக மனித உரிமைப் பிரகடனத்தில் அடிமை முறையைத் தடை செய்யும் நான்காம் உறுப்பைப் படிக்கப் பழைய காலத்துக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி எல்லையைப் பற்றி. 2025-இல் தாய்லாந்து, கம்போடியா எல்லையில் ஜூலையிலும் பிறகு டிசம்பரிலும் சண்டை நடந்தது. எல்லை மாவட்டங்களைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள். பாங்காக்கிலிருந்து சாலை வழியாகப் போகும் யோசனையும் வேண்டாம். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பணம் கட்டுவதற்கு முன்பும் கிளம்புவதற்கு முந்தைய வாரமும் பாருங்கள். புனோம் பென்னில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குக் குழுப் பட்டியலோடு முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

பணத்தில் பெற்றோர் எதிர்பாராதது இரண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். அடுத்தது காப்பீடு. உடல்நிலை மோசமானால் பாங்காக்குக்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுபோக நேரலாம் என்பதால், நோயாளியை வேறு நாட்டுக்கு மாற்றும் செலவையும் ஏற்கிற காப்பீடாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

5. புறப்படும் முன் வகுப்புகள்

இந்தப் பகுதியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பயணத்தில் பாதி இங்கேயே நடந்துவிடுகிறது.

முதல் வகுப்பில் 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது உறுப்புகளையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஆளுக்கு இரண்டு கொடுங்கள். பயணம் முடியும்வரை அந்த இரண்டும் அவர்கள் பொறுப்பு. எங்கே போனாலும் தன் சீட்டோடு பொருந்துவது எது என்று அவர்கள் பார்க்க வேண்டும். “மனித உரிமை மீறலைக் கவனியுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளைகள் அழுகையை மட்டும்தான் கவனிப்பார்கள். “உன்னிடம் இருப்பது பதினாறாம் உறுப்பு, திருமணம்” என்று கொடுத்துவிட்டால், கெமர் ரூஜ் ஆட்சியில் முன்பின் தெரியாதவர்களைக் கூட்டமாக நிற்கவைத்துக் கட்டாயத் திருமணம் செய்துவைத்தார்கள் என்பதையும், அது பிற்பாடு நீதிமன்றத்தில் தனிக் குற்றச்சாட்டாக வந்தது என்பதையும் அவளே தேடிப் படித்துக்கொண்டு வருவாள்.

இரண்டாவது வகுப்பில் நடந்ததைச் சொல்லுங்கள். 1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் படை புனோம் பென்னுக்குள் நுழைந்தது. சில நாட்களிலேயே நகரத்தை மொத்தமாகக் காலி செய்ய வைத்தது. பணம், சந்தை, பள்ளி, மதம் எல்லாம் ஒழிக்கப்பட்டன. 1979 ஜனவரி 7 வரை அந்த ஆட்சி. கம்போடியர்கள் இதை “மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள்” என்று நாள் கணக்கோடுதான் சொல்வார்கள். பசியாலும் நோயாலும் வேலைச் சுமையாலும் கொலையாலும் ஏறத்தாழ 17 முதல் 20 லட்சம் பேர் இறந்தார்கள். மக்கள்தொகையில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர்.

மூன்றாவது வகுப்பு நீதிமன்றத்தைப் பற்றியது. பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். ஐ.நா. துணையோடு கம்போடியாவிலேயே அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2006-இல் வேலையைத் தொடங்கி, 2022-இல் கடைசி மேல்முறையீட்டுத் தீர்ப்பைச் சொன்னது. தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர்: சிறைத் தலைவர் டூச், கெமர் ரூஜ் தலைவர்களான நுவோன் சியா, கியூ சம்பான். இனப்படுகொலை என்ற குற்றம் வியட்நாமியர்களுக்கும் சாம் முஸ்லிம்களுக்கும் நடந்தவற்றின் பேரில்தான் நிரூபிக்கப்பட்டது. பெரும்பான்மைக் கெமர் மக்கள் கொல்லப்பட்டது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற பிரிவில் வந்தது. “இத்தனை லட்சம் பேர் செத்தது இனப்படுகொலை இல்லையா?” என்று வகுப்பு கொதிக்கும். கொதிக்கட்டும். 1948-ஆம் ஆண்டு இனப்படுகொலை உடன்படிக்கையின் வரையறையைப் பலகையில் எழுதுங்கள். தேசிய, இன, மத அடையாளத்துக்காக ஒரு குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்று சட்டம் கேட்கிறது, எண்ணிக்கையை அது கேட்பதில்லை. இது புரிந்த பிறகு பிள்ளைகள் செய்தித்தாள் படிக்கும் விதமே மாறுகிறது.

அடுத்தது நம் ஊரில் ஒரு நாள். கீழ்வெண்மணிக்குப் போய்வாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்ட இடம். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும்தான் மிகுதி. குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. முதலில் இங்கே போகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நேராகக் கம்போடியாவுக்குப் போனால், கொடுமை என்பது வெளிநாட்டில் நடப்பது, நாம் போய்ப் பார்த்து இரங்க வேண்டியது என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் படிந்துவிடும். அங்கே சந்திக்கும் கம்போடிய மாணவர்கள் “உங்கள் நாட்டில் சாதி எப்படி இருக்கிறது?” என்று நிச்சயம் கேட்பார்கள். அப்போது நம் பிள்ளைகள் விழிக்கக் கூடாது.

நம்மவர்களுக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள். அங்கோர்வாட்டைத் தமிழ் மன்னர் கட்டினார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. கட்டியவர் கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன், காலம் 12-ஆம் நூற்றாண்டு. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது என்பது உண்மை, அதைச் சொன்னால் அவர்களே மகிழ்வார்கள். “உங்கள் கோயில் எங்களுடையது” என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். இரண்டாவது, ஈழத்தின் நினைவு. முள்ளிவாய்க்கால் பிள்ளைகள் மனதில் எழுவது இயல்பு, எழத்தான் வேண்டும். ஆனால் தன் குடும்பத்தை இழந்த கதையை ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே “எங்களுக்கும் இப்படித்தான்” என்று குறுக்கே ஆரம்பிக்கக் கூடாது. முதலில் அவர் சொல்லி முடிக்கட்டும். ஒப்பிட்டுப் பேச மாலை நேரக் கூடல் இருக்கிறது.

6. சேவை: எதைச் செய்யக் கூடாது, எதைச் செய்யலாம்

அனாதை இல்லங்களுக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குக்கூட வேண்டாம், பிஸ்கட் கொடுக்கவும் வேண்டாம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கம்போடியாவில் இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று அரசும் யுனிசெஃப்பும் சேர்ந்து செய்த ஆய்வு காட்டியது. வெளிநாட்டார் வந்து பார்ப்பதும் பணம் தருவதும் பெருகப் பெருக, இல்லங்களும் பெருகின. வறுமையில் இருக்கும் குடும்பங்களிடம் படிப்பைக் காட்டிக் குழந்தையை வாங்கி வருகிறார்கள். வருகிறவர்களுக்காகக் குழந்தைகள் பாட்டுப் பாட வேண்டும், ஆட வேண்டும், கட்டிப்பிடித்து விடைகொடுக்க வேண்டும். அடுத்த வாரம் வேறு குழு வரும். ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் சைல்ட்சேஃப் இயக்கம் இதற்கெதிராக, குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் இல்லை என்று 2011-இலிருந்தே பிரசாரம் செய்கிறது. குழந்தை உரிமை உடன்படிக்கையை வகுப்பில் படித்துவிட்டு இப்படி ஓர் இல்லத்தில் போய் நின்றால், படித்ததை நாமே மீறுகிறோம்.

பிள்ளைகளுக்கு இதை எளிதாகப் புரியவைக்க நான் கேட்பது ஒன்றுதான்: முன்பின் தெரியாத இருபது வெளிநாட்டார் உன் தம்பி படிக்கும் வகுப்பறைக்குள் வந்து, அவனைத் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுத்தால் உன் அம்மா விடுவாரா?

மூன்று நாள் ஆங்கிலம் கற்பிப்பதும் வேண்டாம். அந்தப் பள்ளியின் பாடம்தான் நடுவில் அறுபடும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் வேண்டாம். உள்ளூர் பெயின்டருக்குக் கிடைக்க வேண்டிய கூலியை நம் பிள்ளைகள் பறிப்பது போல ஆகிவிடும், அடித்ததும் ஒழுங்காக இருக்காது.

சரி, எதைத்தான் செய்வது? அங்கே வேலை செய்யும் அமைப்பு ஒன்றிடம் நான்கு மாதம் முன்பே எழுதி, “உங்களுக்கு எங்களால் ஆகக்கூடியது ஏதாவது இருக்கிறதா? நாங்கள் வராமலிருப்பதே நல்லது என்றாலும் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மரியாதைக்காக ‘வாருங்கள்’ என்று சொல்பவர்கள் இதைப் பார்த்த பிறகுதான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். வரும் பதில் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். ஓர் ஆங்கில அறிக்கையைப் பிழைதிருத்தித் தர வேண்டும், ஒளிப்படங்களுக்கு விவரக் குறிப்பு அடிக்க வேண்டும், நிதி திரட்ட வேண்டும். பாதி வேலையைச் சென்னையிலிருந்தே செய்யலாம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், ஆனால் கேட்டவருக்கு உண்மையிலேயே பயன்படும் வேலை இதுதான்.

அங்கே இருக்கும்போது செலவழிக்கும் பணம் யாரிடம் போகிறது என்று பார்ப்பதும் சேவையில் சேர்ந்ததுதான். தெருவில் வளர்ந்த இளைஞர்களுக்குச் சமையல் பயிற்சி தரும் உணவகங்கள் உண்டு. அங்கோர்வாட் கோயில் இருக்கும் சியெம் ரீப் ஊரில் ஃபார் சர்க்கஸ் இருக்கிறது, அதன் வருமானம் பட்டம்பாங் நகரத்தில் உள்ள கலைப்பள்ளிக்குப் போகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டையும் ஒரு மாலையையும் இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

7. நாட்களை அடுக்கும் முறை

எட்டு நாள் போதும். முதல் நாள் வந்து சேர்ந்து தூங்குவதற்கு. புனோம் பென்னின் புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து தள்ளி இருக்கிறது, வண்டியை முன்பே பேசி வையுங்கள்.

இரண்டாம் நாள் எந்த நினைவிடத்துக்கும் போகாதீர்கள். சந்தை, ஆற்றங்கரை, அரண்மனை என்று இன்றைய நகரத்தைப் பார்க்கட்டும். உள்ளூர் மாணவர்களோடு சந்திப்பும் அன்றே நடக்கட்டும். கம்போடியா என்றால் மண்டையோடு என்ற படம்தான் முதலில் மனதில் விழும் என்றால், அங்கே வாழும் மக்களை அதன் வழியாகவே பிள்ளைகள் பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை, கெமர் ரூஜ் சிறையாக இருந்து இன்று நினைவிடமாக இருக்கும் துவோல் ஸ்லெங், நான்காம் நாள் காலை செயுங் ஏக். டுக்டுக் ஓட்டுநர்கள் இரண்டையும் அரை நாளில் காட்டிவிடுகிறேன் என்பார்கள், பல குழுக்கள் அப்படித்தான் போகின்றன. வேண்டாம். இரண்டாவது இடத்துக்குப் போகும்போது பிள்ளைகள் மரத்துப்போயிருப்பார்கள். வரிசையையும் மாற்றாதீர்கள். கைதிகள் துவோல் ஸ்லெங்கிலிருந்துதான் இரவில் லாரியில் செயுங் ஏக்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

ஐந்தாம் நாள் பொப்பானா ஒலி-ஒளி ஆவண மையம். 2006-இல் தொடங்கியது, பழைய படச்சுருள்களை அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். 1975-க்கு முந்தைய பாட்டும் சினிமாவும் பார்க்கும்போதுதான் எதை இழந்தார்கள் என்று தெரிகிறது. ஆறாம் நாள் பேருந்தில் சியெம் ரீப். சுமார் 315 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம்.

8. துவோல் ஸ்லெங்கில்

இது முன்பு ஒரு பள்ளிக்கூடம். இதை முன்கூட்டிச் சொல்லித்தான் அழைத்துப் போக வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே பிள்ளைகள் அதிர்ந்து நிற்பார்கள். மாடிக் கட்டடங்கள், நீண்ட தாழ்வாரம், நடுவில் மைதானம், கட்டம் போட்ட தரை ஓடு. எஸ்-21 என்ற பெயரில் இதைச் சிறையாக மாற்றியபோது சில வகுப்பறைகளை அப்படியே வதைக்கூடமாக்கினார்கள், சிலவற்றுக்குள் செங்கல் அடுக்கி ஆள் படுக்க மட்டும் இடமுள்ள அறைகளாகப் பிரித்தார்கள். மைதானத்தில் உடற்பயிற்சிக் கம்பம் இன்னும் நிற்கிறது. அதில்தான் கைதிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு மாணவி தாழ்வாரம் முழுக்க அடித்திருந்த முள்கம்பி வலையைத் தொட்டும் தொடாமலும் நின்று, “மிஸ், இது யாரும் உள்ளே வரக் கூடாதுன்னு போட்டதா?” என்று கேட்டாள். இல்லை, மாடியிலிருந்து குதித்துச் செத்துவிடக் கூடாது என்று போட்டது. சாவதற்குக்கூட அனுமதி இல்லை. அவளிடம் இருந்த சீட்டு சித்திரவதைக்கு எதிரான ஐந்தாம் உறுப்பு.

பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கே அடைக்கப்பட்டதை நீதிமன்றம் உறுதி செய்தது. உண்மை எண்ணிக்கை இன்னும் அதிகம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. உயிரோடு மீண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறையை நடத்திய டூச், அதற்கு முன் கணித ஆசிரியர். காவலர்களில் பலர் பதின்ம வயதினர், நம் பிள்ளைகளின் வயது. இந்த இரண்டு செய்திகளையும் உள்ளே போகும் முன் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். கொன்றவர்கள் எல்லாம் ராட்சதர்கள் என்று முடித்துக்கொண்டு நிம்மதியாக வெளியே வந்துவிடும் வழி அப்போது அடைபட்டுவிடும்.

நடைமுறை: தோளும் முழங்காலும் மூடிய உடை. ஒலி வழிகாட்டியை ஆளுக்கொன்று எடுங்கள், பிள்ளைகள் தங்கள் வேகத்தில் நடக்கலாம். கைதிகளின் முகப்படங்கள் உள்ள அறையில் ஒரே ஒரு முகத்தைத் தேர்ந்து, அதன் முன் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். நூற்றுக்கணக்கான முகங்களை வேகமாகக் கடந்தால் ஒன்றும் நிற்காது. எந்த அறைக்குள்ளும் போகாமலிருக்க யாருக்கும் உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஆசிரியர் நிரந்தரமாக மைதானத்து மர நிழலில் இருந்தால், வெளியே வரும் பிள்ளை தனியாக உட்கார வேண்டியிராது.

உயிர்தப்பியவர்கள் வளாகத்தில் தங்கள் நூலோடு அமர்ந்திருப்பது உண்டு. கைகூப்பி வணங்கலாம், நூல் வாங்கலாம். “என்ன செய்தார்கள் உங்களை?” என்று கேட்கக் கூடாது.

9. செயுங் ஏக்கில்

நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். முன்பு பழத்தோட்டம். 1988-இல் கட்டிய தூபிக்குள் மண்டையோடுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து துணிக் கிழிசலும் எலும்புத் துண்டும் இன்றும் மேலே வரும். கண்ணில் பட்டால் எடுக்கக் கூடாது, ஊழியரிடம் சொல்ல வேண்டும். நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது.

குழந்தைகளை அடித்துக் கொன்ற மரத்தில் வருகிறவர்கள் கைக்கயிறு கட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த இடத்தில் விளக்கம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளைப் பேசாமல் நிற்க விடுங்கள்.

கைபேசிகளை இந்த இரண்டு காலையும் ஒரு பையில் போட்டு வாங்கி வைத்துக்கொள்கிறோம். படம் எடுத்தால் ஒழுக்கக்கேடு என்பது இதற்குக் காரணமில்லை. கையில் கேமரா இருந்தால் கண் அதற்குள்தான் இருக்கும்.

10. மாலைக் கூடல்

நினைவிடம் போன நாளில் பிற்பகலில் எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள். குளிக்கட்டும், தூங்கட்டும், வீட்டுக்குப் பேசட்டும். இருட்டிய பிறகு வட்டமாக உட்கார்ந்து மூன்றே கேள்விகள்: எதைப் பார்த்தாய், உன் சீட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, எது புரியவில்லை. “எப்படி உணர்ந்தாய்?” என்று எல்லாரையும் வரிசையாகக் கேட்கக் கூடாது. அழாத பிள்ளை தனக்கு இரக்கமில்லையோ என்று பயந்துபோகும், அழுத பிள்ளை வெட்கப்படும்.

கைதி, காவலர் என்று நடித்துக் காட்டும் பயிற்சிகளை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். இரவில் தூக்கம் வராதவர்கள் எந்த ஆசிரியரின் அறைக் கதவைத் தட்டலாம் என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.

11. சியெம் ரீப்பில் இரண்டு நாள்

அங்கோர்வாட் ஒரு காலை. மறுநாள் காலை அப்போப்போ அமைப்பின் மையம். கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்கப் பழக்கிய பெரிய எலிகள் வேலை செய்வதை அங்கே பார்க்கலாம். 1979-க்குப் பிறகும் கண்ணிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தோ காயப்பட்டோ இருக்கிறார்கள். போர் முடிந்தாலும் உரிமை மீறல் முடிவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான பாடம் வேறில்லை.

12. உடல்நலம், பாதுகாப்பு, கையிருப்பு

டெங்கு உண்டு, கொசு மருந்து பகலிலும் பூச வேண்டும். தெரு நாய், குரங்கு எதையும் தொடக் கூடாது. தடுப்பூசிகளுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

சைவப் பிள்ளைகளுக்கு முன்னேற்பாடு தேவை. காய்கறிக் குழம்பு என்று வருவதிலும் மீன் சாறோ பிரஹொக் என்ற நொதித்த மீன் விழுதோ இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் போதாது. மீன், மீன் சாறு, பிரஹொக் எதுவும் வேண்டாம் என்று கெமர் மொழியில் எழுதிய அட்டையை வழிகாட்டியிடம் வாங்கி ஆளுக்கொன்று கொடுங்கள்.

டாலரும் ரியலும் இரண்டும் ஓடும், ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல். ஓரம் கிழிந்த, கறைபட்ட டாலர் நோட்டை அங்கே வாங்கமாட்டார்கள். சென்னையில் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். புனோம் பென் தெருவில் பைக்கில் வந்து கைபேசியைப் பறித்துக்கொண்டு போவார்கள், நடக்கும்போது கையில் வேண்டாம்.

மாணவரோடு எந்தப் பெரியவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. இந்த விதி ஆசிரியர், வழிகாட்டி, ஓட்டுநர் எல்லாருக்கும் பொருந்தும். புகார் சொல்ல, பயணத்தில் வராத ஒருவரின் எண் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்க வேண்டும்.

13. திரும்பிய பிறகு

முதல் வாரத்தில் எதையும் மேடையேற்றாதீர்கள். பள்ளி நிர்வாகம் காலைக் கூட்டத்தில் பேசச் சொல்லும், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அந்த அவசரத்தில் பிள்ளைகள் சொல்வது “எங்களுக்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்று தெரிந்தது” என்பதாகத்தான் இருக்கும். மூன்று வாரம் கழித்து, தன் இரண்டு உறுப்புகளைப் பற்றி ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதட்டும். ஒரு பக்கம் கம்போடியா, ஒரு பக்கம் தமிழ்நாடு. இரண்டாவது பக்கத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவாவது போட வைக்கலாம். விடுதி, கூலி, குடிநீர், எதுவாக இருந்தாலும் சரி. பதில் வர முப்பது நாள் ஆகும், அதுவரை வேலை ஓடும்.

அங்கே நம்மை ஏற்றுக்கொண்ட அமைப்புக்கு ஒப்புக்கொண்ட வேலையை முடித்து அனுப்புங்கள். பிழைதிருத்தம் பாதியில் நிற்கிறது, நிதி வந்து சேரவில்லை என்பது அவர்களிடமிருந்து அடிக்கடி கேட்கும் குறை. இதற்கு இரண்டு மாணவர்களைப் பொறுப்பாக்கி, ஆறு வாரக் கெடு வையுங்கள். படங்களை அனுப்பும்போது உள்ளூர்க் குழந்தைகளின் முகம் தெரியும் படங்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள், பள்ளியின் முகநூல் பக்கத்துக்கும் அதே விதி. அடுத்த ஆண்டுக் குழுவின் முதல் கூட்டத்துக்கு இந்த ஆண்டுப் பிள்ளைகளில் நால்வரைக் கூப்பிட்டுப் பேச வைத்தால், பெற்றோரின் கேள்விகளில் பாதிக்கு அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.